ஓடுகிற பெண்ணுக்கு ஏன் பீரியட்ஸ் நின்றது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தறி வைத்திருக்கிறார். மகளுக்கு 19 வயது, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. 1500 மீட்டர் ஓடுவாள். தினமும் காலையில் காந்தி ஸ்டேடியத்தில் பிராக்டிஸ். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்தில் இருந்து மலை ரோட்டில் ஏறி ஓடுவார்கள். எடை குறைந்தால் டைமிங் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதில் இருந்து சோற்றைத் தொடுவதே இல்லை. 54 கிலோ இருந்தவள் இப்போது 48. எட்டு மாதமாக மாதவிலக்கு தானாக வரவில்லை. ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டி என்றார்கள். ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், வரவில்லை. அப்புறம் 21 நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காக வந்தது, நிறுத்தியதும் நின்றுவிட்டது. இப்போது "மூளையில் இருந்து வரும் ஹார்மோன் குறைவு" என்கிறார்கள். மூளையில் கட்டி இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. சொந்தக்காரர்கள், நீர்க்கட்டி என்றால் அரிசியை இன்னும் குறை என்கிறார்கள். மகள் லெப்டின் கேப்ஸ்யூல் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்கச் சொன்னாள். டிசம்பரில் போட்டி இருக்கிறது. நாளைக்குக் கல்யாணம் ஆனால் குழந்தை நிற்குமா? கொஞ்ச நாளாக முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலிக்கிறது என்றும் சொல்கிறாள். ரிப்போர்ட் நகலும், அவள் ஒரு நாள் சாப்பிடுவதை எழுதிய தாளும் இதோடு வைத்திருக்கிறேன்.
ஒரு தாய், சேலம்

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு,

கால் வலியைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே பார்க்க வேண்டியது அதைத்தான், அதனால் அதில் இருந்து தொடங்குகிறேன். மகளை உட்கார வைத்து, முன்னங்கால் எலும்பின் உள் விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நீளமாக, பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்பு உறையும் சேர்ந்த வலி. ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, "அய்யோ" என்று காலை இழுத்துக்கொள்கிற மாதிரி வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். கால் வலியும் மாதவிலக்கு நின்றதும் இரண்டு தனி நோய்கள் இல்லை என்பது என் சந்தேகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் மூளைக் கட்டி. இந்த வயதில் மாதவிலக்கை நிறுத்துகிற கட்டி என்றால் பெரும்பாலும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டின் கட்டிதான். அது இருந்தால் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற பால் சுரக்கும் ஹார்மோன் ஏறியிருக்கும். உங்கள் மகளுக்கு அது நார்மல். தைராய்டும் நார்மல். விடாத தலைவலி, பக்கப் பார்வை மங்குவது, மார்பில் பால் கசிவது, இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் அவளிடம் ஒரு தடவை நேராகக் கேட்டுவிடுங்கள், பெண் பிள்ளைகள் இதையெல்லாம் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

அப்படியானால் "மூளை ஹார்மோன் குறைவு" என்று ஏன் சொன்னார்கள்? சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், விளக்க நேரம் இருந்திருக்காது. ரிப்போர்ட்டைப் பாருங்கள். பிட்யூட்டரி சினைப்பைக்கு அனுப்பும் ஹார்மோன்கள் எல்.எச். 1.1, எஃப்.எஸ்.எச். 4.2. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரஜனான ஈஸ்ட்ரடியால் 15. கர்ப்பப்பை உள்சவ்வு 3 மில்லிமீட்டர். சினைப்பை கெட்டுப்போயிருந்தால் எஃப்.எஸ்.எச். எகிறியிருக்கும். சொந்தக்காரர்கள் சொல்கிற நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ்., இருந்தால் ஈஸ்ட்ரஜன் இந்த அளவுக்கு வற்றியிருக்காது, சவ்வும் இவ்வளவு மெலிந்திருக்காது. ஐந்து நாள் மாத்திரைதான் இதில் நல்ல சாட்சி. உள்ளே ஈஸ்ட்ரஜன் சவ்வை வளர்த்து வைத்திருந்தால்தான் அந்த மாத்திரையை நிறுத்தியதும் உதிரம் வரும். உங்கள் மகளுக்கு வரவில்லை, உதிர்வதற்கே ஒன்றும் இல்லை. 21 நாள் மாத்திரையில் ஈஸ்ட்ரஜனும் சேர்ந்தே இருக்கிறது. மாத்திரையே சவ்வை வளர்த்து, மாத்திரையே உதிர்த்தது. அந்த மூன்று மாதமும் வந்தது அவளுடைய மாதவிலக்கு இல்லை, மாத்திரையின் மாதவிலக்கு.

ஸ்கேனில் தெரிந்த சின்னச் சின்னக் கட்டிகள், வளரச் சொல்லி மேலிருந்து உத்தரவு வராமல் பாதியில் நிற்கிற முட்டைப் பைகளாக இருக்கலாம். ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்துவது நம் ஊரில் ரொம்ப நடக்கிறது. அதற்குச் சொல்லப்படும் அறிவுரை "சாப்பாட்டைக் குறை, இன்னும் ஓடு" என்பது. உங்கள் மகளுக்கு அது நெருப்பில் எண்ணெய்.

மேலிருந்து வரும் உத்தரவு என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் சொல்கிறேன். மகள் சயின்ஸ் படிக்கிறவள், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறிய பகுதி. அங்கிருந்து ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோன் புறப்பட்டு பிட்யூட்டரியைத் தட்டுகிறது, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அனுப்பி சினைப்பையை வேலை வாங்குகிறது. வெறும் பத்து அமினோ அமிலம் கொண்ட சின்ன மூலக்கூறு அது. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளில் இருந்தும் ரோஜர் கிய்மான் ஆட்டு மூளைகளில் இருந்தும் போட்டி போட்டுக்கொண்டு பிரித்தெடுத்து, 1971-ல் அதன் அமைப்பு தெரியவந்தது. 1977-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் இந்த ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது என்பதை 1978-ல் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் குரங்குகளில் காட்டினார்கள். மணிக்கு ஒரு தடவை விட்டு விட்டுக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் செலுத்தினால் படுத்துவிட்டது. அளவு எவ்வளவு முக்கியமோ தாளமும் அவ்வளவு முக்கியம். பெண்களுக்கு மாதத்தின் முதல் பாதியில் இந்தத் துடிப்பு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். உங்கள் மகளுக்கு அது தளர்ந்துபோயிருக்கிறது.

யார் தளர்த்தினார்கள்? பசியைக் கவனிக்கிற அதே வட்டாரம்தான். ஹைபோதலாமஸில் நியூரோபெப்டைட் ஒய் என்று ஒன்று இருக்கிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சத்யா கல்ரா, புஷ்பா கல்ரா தம்பதியும் சகாக்களும் 1984-ல் இதை எலிகளின் மூளையில் செலுத்தியபோது அவை விடாமல் தின்றன. அவர்கள் வந்தது இனப்பெருக்க ஹார்மோன் ஆய்வில் இருந்து. இதே பொருள் எல்.எச். சுரப்பையும் ஆட்டுவிப்பதை அவர்கள் கவனித்தார்கள். சினைப்பை ஹார்மோன் இருக்கும் எலியில் அதைக் கூட்டியது, சினைப்பையை எடுத்துவிட்ட எலியில் குறைத்தது. பசிக்கு ஒரு ரசாயனம், பிள்ளைப்பேற்றுக்கு வேறொரு ரசாயனம் என்று உடம்பு தனித்தனியாகக் கணக்கு வைக்கவில்லை என்பது அப்போதே தெரிய ஆரம்பித்தது. 2000-ல் ஜப்பானில் கஸுயோஷி சுட்சுயி குழுவினர் காடையின் மூளையில் ஜி.என்.ஆர்.எச்.-இன் வேலையைத் தடுக்கிற ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் பின்னால் பார்த்தால் பசியைத் தூண்டுகிற ஹார்மோனாக இருந்தது!

மகள் கேட்ட லெப்டின் இதில்தான் வருகிறது. 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்கள் சுரந்து, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. லெப்டினே இல்லாமல் பிறக்கும் ஒரு வகை எலி உண்டு. பந்து மாதிரிக் கொழுத்திருக்கும், ஆனால் மலடு. உடம்பெல்லாம் கொழுப்பு இருந்தும் லெப்டின் இல்லாததால் மூளை பட்டினி என்றே நினைத்துக்கொள்கிறது. வெறுமனே தீனியைக் குறைத்து இளைக்க வைத்தபோது அந்தப் பெண் எலிகளின் மலட்டுத்தனம் தீரவில்லை. 1996-ல் லெப்டின் ஊசி போட்டதும் குட்டி போட்டன. லெப்டின் சொல்வது ஜி.என்.ஆர்.எச். செல்லுக்கு நேராகப் போவதில்லை, இடையில் ஆள் இருக்கிறது. அவர்களில் முக்கியமானது கிஸ்பெப்டின் என்ற மூளை ஹார்மோன். அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதானவர்கள் பருவமே அடைவதில்லை என்று 2003-ல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

இன்னொன்று, லெப்டின் கொழுப்பு கரையும் வேகத்தில் குறைவதில்லை. சாப்பாட்டை நிறுத்திய ஓரிரு நாளிலேயே மளமளவென்று சரிகிறது. அதனால்தான் ஆள் பார்க்க ஒல்லிக்குச்சியாக ஆவதற்கு முன்பே மாதவிலக்கு தடுமாறுகிறது. உங்கள் மகளின் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 19-க்கு மேல் இருக்கிறது, "நார்மல்". அவளைப் பார்த்தவர்கள் ஏமாந்தது அங்கேதான். சம்பளம் பாதியானால் குடும்பம் முதலில் நிறுத்துவது நகைச் சீட்டை, அரிசியை இல்லை. இதயம், நுரையீரல், ஓடுகிற கால், இதற்கெல்லாம் கொடுத்த பிறகு மிச்சம் இல்லை என்றால் மூளை மாதவிலக்கை நிறுத்தி வைக்கும். அது மூளைக் கோளாறு இல்லை, மூளை பொறுப்பாக வேலை பார்க்கிறது.

இப்போது அந்தச் சாப்பாட்டுத் தாளுக்கு வருகிறேன். காலையில் பால் இல்லாத காபி. பிராக்டிஸ் முடிந்து ஒரு வாழைப்பழம். மதியம் மூன்று சப்பாத்தி, வெள்ளரிக்காய். சாயங்காலம் ஒரு கப் சுண்டல். இரவு இரண்டு இட்லி, சாம்பார், இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, ஒரு டம்ளர் மோர். தாராளமாகப் போட்டாலும் 1000 கலோரி தேறாது. தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறாள். கிலோமீட்டருக்கு, உடல் எடை ஒரு கிலோவுக்கு, ஒரு கலோரி என்று வைத்தால் 480 கலோரி ஓட்டத்துக்கே போய்விடுகிறது. மலை ஏறுகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் அதிகம். மீதி 520. கொழுப்பு நீங்கலாக அவள் உடம்பு சுமார் 38 கிலோ இருக்கும். வகுத்தால் கிலோவுக்கு 14 கலோரி கூட இல்லை.

ஆன் லவ்க்ஸ் என்ற உடலியல் விஞ்ஞானி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிலக்கு ஒழுங்காக வருகிற இளம்பெண்களுக்கு ஐந்தே நாள் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் அளந்து கொடுத்துப் பார்த்தார். இந்தக் கணக்கு 45-ல் இருந்தவரை பிரச்சினை இல்லை. 30-க்குக் கீழே போனதும் எல்.எச். துடிப்பு குலையத் தொடங்கியது. ஐந்து நாளில்! உங்கள் பெண் மாதக்கணக்கில் 14-ல் நிற்கிறாள். 30 என்பதைக் கல்லில் வெட்டிய எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 14 யாருக்கும் போதாது.

அவள் 45-க்கு வர ஓடுகிற நாளில் சுமார் 2200 கலோரி வேண்டும், இப்போது சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே நாளில் அதைத் திணிக்க முடியாது, வயிறும் ஒத்துக்கொள்ளாது. வாரத்துக்கு ஒரு முந்நூறு கலோரியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓடப் போகும் முன் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியோ வாழைப்பழமோ, வெறும் வயிற்றில் ஓடக் கூடாது. ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு முழு முட்டை, மஞ்சள் கருவோடு. அதைத் தூக்கிப் போட்டவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் முட்டையின் கலோரியில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. மதியம் சோறு, பருப்பு, நெய், தயிர். கையோடு கடலை மிட்டாய். ஏற்காட்டில் இருந்து பட்டர் ஃப்ரூட் வருகிற சீசனில் வாங்கிப் பாலோடு அடித்துக் கொடுங்கள், கொஞ்சத்திலேயே நிறைய கலோரி. சாயங்காலம் தோழிகளோடு தட்டுவடை செட் சாப்பிட்டால் திட்டாதீர்கள்.

"பசிக்கவே இல்லையே" என்பாள். பொய் சொல்லவில்லை. கடுமையாக ஓடிய பிறகு கிரெலின் என்ற பசி ஹார்மோன் கொஞ்ச நேரம் அடங்கிவிடும். மிச்சப் பசியைக் காபியும் வெள்ளரியும் மோரும் அடைத்துவிடுகின்றன. ஓட்டக்காரர்கள் பசியை நம்பிச் சாப்பிட்டால் குறைவாகத்தான் சாப்பிடுவார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

லெப்டின் கேப்ஸ்யூல் வாங்க வேண்டாம். லெப்டின் ஒரு புரதம், வாய் வழியே போனால் கறி மாதிரி செரித்துப்போகும். உண்மையான லெப்டின் ஊசியாகத்தான் இருக்கிறது, அதுவும் கொழுப்பே இல்லாமல் போகிற ஓர் அரிய நோய்க்கு. அந்த ஊசியை உங்கள் மகள் மாதிரியான எட்டுப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வந்தது. எல்.எச். துடிப்பு திரும்பியது, மூன்று பேருக்குக் கருமுட்டையும் வெளிவந்தது. மூளையைப் பற்றி நான் மேலே சொன்னதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. ஆனால் லெப்டின் பசியைக் குறைக்கிற ஹார்மோனும் கூட. அந்தப் பெண்கள் இன்னும் இளைத்தார்கள். கையிருப்பு இல்லாதபோது "இருக்கிறது" என்று மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புவதை நான் சிகிச்சையாக நினைக்கவில்லை. சோறு சாப்பிட்டால் லெப்டின் தானாக ஏறும்.

21 நாள் மாத்திரையைப் பீரியட்ஸ் வரவைப்பதற்காக மட்டும் மறுபடி தொடங்க வேண்டாம். 2017-ல் வெளிவந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. மாதாமாதம் உதிரம் வந்துகொண்டிருந்தால் எல்லோரும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள், உள்ளே எலும்பு தேய்ந்துகொண்டிருக்கும், அந்த மாத்திரை எலும்பைக் காப்பாற்றாது. 19 வயதில் எலும்பு இன்னும் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஈஸ்ட்ரஜன் இல்லாமல் அது நடக்காது. கால் வலியைப் பற்றி நான் பதறியது இதனால்தான். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி, இரும்புச் சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள். சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் திரும்பவில்லை என்றால் தோல் வழியாகச் செலுத்தும் ஈஸ்ட்ரடியாலைக் கொஞ்ச காலம் கொடுப்பது உண்டு. அது அவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

எவ்வளவு நாள் ஆகும்? சாப்பாடு சரியான மறுமாதமே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். எந்த எடையில் நின்றதோ அதைவிட ஒன்றிரண்டு கிலோ கூடியபிறகே பலருக்குத் திரும்புகிறது.

ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்லுங்கள். சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குப் போகிறாளா? பேதி மாத்திரை பை ஏதாவது கண்ணில் பட்டதா? ஒரு கிலோ கூடினாலே அழுகிறாளா? தலை சுற்றி விழுந்திருக்கிறாளா? இதில் எதற்காவது ஆம் என்றால் இது வெறும் சாப்பாட்டுக் கணக்கு இல்லை, மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். "ஒழுங்காச் சாப்பிடு, எலும்பும் தோலுமா இருக்கே" என்று சொந்தக்காரர்கள் முன்னால் திட்டுவதை மட்டும் நிறுத்துங்கள், அது வேலை செய்து நான் பார்த்ததில்லை.

குழந்தை நிற்குமா என்ற கேள்விக்கு: நிற்கும் என்று நம்பலாம். மாதவிலக்கு நிற்கும் காரணங்களிலேயே திரும்பச் சரியாகக்கூடியது இது. சினைப்பையில் முட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகும் துடிப்பு திரும்பாத சிலருக்கு, நோபில் குரங்குகளுக்குச் செய்த மாதிரியே, சிறிய பம்ப் மூலம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சொட்டு ஜி.என்.ஆர்.எச். கொடுத்துக் கருத்தரிக்க வைக்கும் சிகிச்சை இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் போட்டி வேண்டாம். காலில் விரிசல் இல்லை என்று உறுதியானால் ஓட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை, தூரத்தைப் பாதியாக்கி, மலை ஏற்றத்தை விட்டுவிட்டால் போதும். கோச்சிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், மகளை அனுப்பாதீர்கள், அவள் சொல்ல மாட்டாள். ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014-ல் இருந்து இந்தச் சாப்பாட்டுப் பற்றாக்குறையை விளையாட்டு வீரர்களுக்கான மருத்துவப் பிரச்சினையாக அறிவித்து வழிமுறை தந்திருக்கிறது என்று சொல்லுங்கள், அதற்கு மதிப்புக் கொடுப்பார். அவரிடம் ஓடுகிற மற்றப் பெண்களில் எத்தனை பேருக்கு மாதாமாதம் வருகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. அடுத்த மாதத்தில் இருந்து டைமிங் எழுதுகிற நோட்டிலேயே அதற்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்.